தம்பியின் வாய்ப்புண்ணும் அப்பாவின் சலவையும்

தம்பி பிறந்த மூன்றாம் மாதம், அவன் வாய்க்குள் தயிர் ஒட்டியதுபோல வெள்ளை படிந்தது. எங்கள் தேயிலைத் தோட்டம் இருந்த அக்கரப்பத்தனைப் பக்கம் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த காலம். குடித்த பால்தான் தங்கிவிட்டது என்று நினைத்த அம்மா, ஈரத்துணியை விரலில் சுற்றித் துடைத்தார். வெள்ளை போகவில்லை, துடைத்த இடத்தில் இரத்தம் கசிந்தது. அதன்பின் தம்பி மார்பில் வாய் வைப்பதும் அலறிக்கொண்டு விடுவதுமாக இருந்தான். பாலூட்டும்போது அம்மாவும் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டார். நேப்பி கட்டும் இடமெல்லாம் அவனுக்குச் சிவந்து பொரிந்திருந்தது.

தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அடுத்த வீட்டுப் பெரியம்மா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "ஈரத் தலையோட பால் குடுத்திருப்ப. பால் கெட்டுப்போச்சு. டின்னுல வர்ற மாப்பாலுக்கு மாத்திரு."

அதிலிருந்து, தம்பியைத் தூக்கும்போதெல்லாம் தப்புச் செய்தவரைப் போல அம்மாவின் முகம் மாறிவிடும்.

இரண்டு நாளில், தாய்மாரையும் குழந்தைகளையும் வீடு தேடிவந்து பார்க்கும் மருத்துவமாது வந்தார். நாங்கள் 'மிஸ்ஸி' என்போம். தம்பியின் வாயையும் நேப்பியையும் பார்த்துவிட்டு, "அண்மையில ஏதும் மருந்து குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"நெஞ்சுச்சளிக்கு ஆஸ்பத்திரியில ஒரு கிழமை குடுத்தாங்க மிஸ்ஸி."

"இது பங்கசுங்க அக்கா, பூஞ்சணம் மாதிரி. எல்லார் உடம்புலயும் கொஞ்சம் இருக்கிறதுதான். அந்த மருந்து நல்ல கிருமிகளையும் சேத்துக் கொன்னுரும். அப்புறம் ஈரம் கெடச்சா இது பெருகிரும். ஒங்க பால்ல ஒரு குத்தமும் இல்ல, நிப்பாட்டாதீங்க. டொக்டர்கிட்ட போங்க. புள்ளைக்கும் ஒங்களுக்கும் சேத்தே மருந்து போடணும், இல்லாட்டி ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குத் திரும்ப வந்துரும்."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பொல்லாத நோய் போலும் என்று பயந்து நானும் அழுதேன்.

மிஸ்ஸி தம்பி சப்பும் ரப்பர் சூப்பியைக் கையில் எடுத்தார். கீழே விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதும், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னேன்: "நான் சப்பிச் சுத்தம் பண்ணிக் குடுப்பேன் மிஸ்ஸி!" அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதைத் தினமும் கொதிநீரில் போடச் சொன்னார். அதோடு, நேப்பி நனைந்தவுடன் மாற்ற வேண்டும், கொஞ்ச நேரம் கட்டாமல் காற்றுப்பட விட வேண்டும், அரைகுறையாகக் காய்ந்த துணியைக் கட்டவே கூடாது என்றார்.

"இந்த மழையில எங்கங்க காயும்?" என்றார் அம்மா.

கதவோரம் நின்ற அப்பா, "அத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் மனிதர் அவர். மறுநாளே வேலை முடிந்து வந்து, மலைத்தண்ணீர் குழாயில் கொட்டும் பீலியடியில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து நேப்பி துவைத்தார். பழைய பிஸ்கட் தகரத்தில் அவற்றை வேகவைத்தார். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டார். கடைசியில் சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப்பெட்டியால், மூலை மூலையாக ஈரம் போகத் தேய்த்தார். லயத்து ஆண்கள் சிரித்தார்கள். "என்னண்ணே, வேல மாத்திட்டாங்களா?"

"ஆமாப்பா. அதுக்கு இது மேல்," என்றார் அப்பா, கையை நிறுத்தாமல்.

அவருக்கு வெட்கமே இல்லை. எனக்குத்தான் இருந்தது. ஒருநாள் பள்ளி விட்டுத் தோழிகளோடு வரும்போது, கை நிறைய நுரையோடு அப்பா என்னைக் கூப்பிட்டார். காதில் விழாதவள்போல வேறு பாதையில் நடந்துவிட்டேன். வீட்டில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சொட்டுமருந்தும் களிம்பும் போட்டு, இரண்டு கிழமைக்குள் தம்பி வயிறு நிறையக் குடித்து, பால் வடியும் வாயோடு தூங்கத் தொடங்கினான். மருந்து நின்ற பிறகும் அப்பாவின் சலவை நிற்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் விடிந்தும் விடியாமல், கை விறைக்கும் தண்ணீரில் தனியாகத் துவைத்து முடித்துவிடுவார். ஏன் நேரத்தை மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"காலையிலதான் பீலியில தண்ணி நல்லா வருதும்மா," என்றார்.

நான் நம்பினேன்.