வரைபடத்தில் காணாமல் போன சேறு

சுண்ணாம்புக்குளத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள், அங்கே இறால் வளர்ப்புப் பண்ணை வரக்கூடாது என்று மனு கொடுக்க வந்தார்கள். அவர்கள் பென்டிரைவில் கொண்டுவந்த, எஸ்.வி.ஜி. கோப்பாக இருந்த ஏரி வரைபடத்தை பி.டி.எஃப். ஆக மாற்றி, மனுவோடு இணைத்து அச்சிட்டேன்.

அவர்களில் படிக்கத் தெரியாத கங்காக்கா, இறால் தேடுவதுபோல வரைபடத் தாளை விரலால் தடவினார். கரையோரம் வந்ததும் விரல் நின்றது.

"நாங்க எறா தடவுற எடம் இன்னாத்துக்குபா வெள்ளையா கீது?"

"மாத்தும்போது கம்ப்யூட்டர் விட்டுடுச்சிக்கா" என்றேன்.

பொய். படகே போகாத இடத்தில் யார் என்ன பிடிக்கப்போகிறார்கள் என்று, வரைபடத்தில் அங்கே இருந்த பழுப்புத் திட்டை ஏதோ கறையாக நினைத்து, நான்தான் அழித்திருந்தேன்.

"மிசினுக்கு இன்னா தெரியும், அது சேத்துல எறங்கியா பாத்துது" என்று அவர் எனக்குச் சமாதானம் சொன்னார்.

திட்டைத் திரும்பச் சேர்த்துக் கொடுத்தேன். இந்த ஊரிலேயே பிறந்த நானும் ஒருநாள்கூட அந்தச் சேற்றில் இறங்கியதில்லை.