புதுசாக அடித்த பழைய கலர்

போன மாதம் பெயின்ட் மேஸ்திரி சேகர் என் வீட்டு வெளிச்சுவருக்கு எஸ்டிமேட் சொன்னார். கேட்டதும் முதல் வேலையாக ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

"இன்னா சார், அப்பிடிப் பாக்குறீங்க? சாரம் கட்டணும். தண்ணி அடிச்சுக் கழுவணும். விரிசலை அடைக்கணும். பிரைமர் ஒரு கோட்டு, எமல்ஷன் ரெண்டு கோட்டு. ஆடி மாசம்னுதான் இந்த ரேட்டு. ஆவணி பொறந்தா நானே கெடைக்க மாட்டேன்."

வாஸ்தவம்தான். ஆடியில் கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது. திருத்தணியில் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்களும் அவர்களுக்குச் சோறு போடும் ஹோட்டல்காரர்களும்தான் அந்த மாதம் பிஸி. பெயின்டர்கள் சும்மா இருப்பதால் சதுர அடிக்குக் கொஞ்சம் இறங்கி வருவார்கள். அப்படி இறங்கி வந்த தொகைக்கே என் மனைவிக்கு ஒரு நல்ல வளையல் வாங்கலாம். இதை அவளிடம் நான் சொல்லவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறோமே — யாருக்காக? வீட்டுக்குள் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அது தெரியவே தெரியாது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்ப்பவர் எதிர்வீட்டுக்காரர். காசு நம்முடையது, காட்சி அவருடையது. இது என்ன நியாயம்?

சரி, அந்தக் கணக்கில் எனக்கு வாய்த்த எதிர்வீட்டைச் சொல்கிறேன்.

ஒரே வீடு. பாதி சந்தனம், பாதி கிளிப்பச்சை. நடுவே மேலிருந்து கீழ்வரை ஸ்கேல் வைத்துக் கிழித்தாற்போல ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வாசல், இந்தப் பக்கம் ஒரு வாசல். நீங்களும் இப்படிப்பட்ட வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பாகப்பிரிவினை ஆன வீடு என்று தெரிந்துகொள்ளப் பத்திரம் பார்க்க வேண்டியதில்லை… பெயின்டைப் பார்த்தால் போதும்.

சந்தனப் பாதி அண்ணன் முனிரத்தினத்துடையது. ஊருக்கு வெளியே கழனி வைத்துப் பயிர் செய்கிறவர். பச்சைப் பாதி தம்பி பாஸ்கருடையது. அரக்கோணத்தில் ரயில்வே வேலை. பங்கு பிரிக்கும்போது இருவருக்கும் ஒரு சண்டையும் இல்லை. பிரித்த கையோடு தம்பி தன் பாதிக்குப் பச்சை அடித்தாரே, அதில்தான் வந்தது வினை. "எங்க நைனா ஆசப்பட்டு அடிச்ச கலரு. என்ன ஒரு வார்த்தை கேட்டானா?" என்று அண்ணன் தெருவில் நின்று கத்தினார். அன்றோடு பேச்சு நின்றது. பின்பக்கக் காலி இடம் மட்டும் இன்னும் பொதுவில் கிடந்தது.

சேகர் எங்கள் தெருவுக்கு வந்ததே பச்சைப் பாதிக்காகத்தான். பாஸ்கரின் மனைவி ரேவதி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவர். அந்தக் காசில் சீட்டுக் கட்டி, எடுத்தும் விட்டார். ஐப்பசி மழைக்கு முன்னால் பெயின்ட் அடித்தாக வேண்டும், போன மழையிலேயே உள்சுவரெல்லாம் ஈரம் என்றார். ஊதா கலர் என்று முடிவாகி, சாரமும் கட்டியாகிவிட்டது.

அப்போதுதான் தெருவுக்குச் சேதி வந்தது. முனிரத்தினத்தின் மகள் கீர்த்தனாவுக்கு நகரிப் பக்கம் மாப்பிள்ளை அமைந்துவிட்டது! பெண் பார்த்தது மலைக்கோயிலில் வைத்து. எங்கள் ஊரில் அப்படித்தான், சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, பெண்ணைப் பார்த்த மாதிரியும் ஆச்சு. அதனால் மாப்பிள்ளை வீட்டார் இன்னும் இந்த வீட்டைப் பார்த்ததில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தத்துக்கு வரும்போதுதான் பார்ப்பார்கள்.

வேன் தெருமுனையில் திரும்பும். முதலில் கண்ணில் படப்போவது எது? அந்தக் கோடு. அண்ணன் தம்பிக்குள் ஆகாது என்று சுவரே சொல்லிவிடும். பெண்ணின் சித்தப்பா எங்கே என்ற கேள்வி அடுத்து வரும். அதற்கடுத்து, இந்தக் குடும்பத்தில் பெண் எடுக்கத்தான் வேண்டுமா என்று யாராவது ஒரு பெரியப்பா ஆரம்பிப்பார். இதெல்லாம் நடக்காது என்கிறீர்களா? என் சொந்தத்திலேயே நடந்திருக்கிறது.

"எங்க பாதி மட்டும் ஊதாவுல பளபளன்னு நின்னா, அவுங்க பாதி இன்னும் அழுது வடியும் சார்" என்றார் ரேவதி. "கீர்த்தனா என் மடியில வளந்த பொண்ணு."

முழு வீட்டுக்கும் தானே அடித்துத் தருவதாகச் சேகரிடம் சொல்லி அனுப்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தார் சேகர். முனிரத்தினத்தின் பதில் தெருவுக்கே கேட்டது.

"அவுங்க போடுற பிச்சை எனக்கு வாணாம். என் செவுத்தை எவனும் தொடக் கூடாது!"

தன் காசில் அடித்துக்கொள்ளவும் அவரால் முடியாது. பந்தல், சாப்பாடு, பட்டுப்புடவை என்று ஏற்கெனவே முழி பிதுங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ரேவதி சேகரைக் கூப்பிட்டார். நானும் என் வீட்டு கேட் அருகே நின்றிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை… காதில் விழுந்தது.

"மேஸ்திரி, ஊதா வாணாம். பாவா செவுத்து கலரையே எங்களுக்கும் அடிச்சிடுங்க." பாவா என்றால் எங்கள் பக்கத்தில் கணவரின் அண்ணன்.

"ஆங், அடிச்சிடலாம்மா. அந்தச் சந்தனம் ஷேட் கார்டுலயே கீது."

"கார்டுல கீற சந்தனம் இல்ல. அந்தோ, செவுத்துல கீதே… அது."

அந்தச் சுவர் எத்தனையோ திருத்தணி வெயிலைக் குடித்து, வெளுத்து, பழைய பனியன் நிறத்துக்கு வந்திருந்தது. சேகருக்கு ஒன்றும் புரியவில்லை. நேராக என்னிடம் வந்து புலம்பினார். "நானும் எத்தினியோ வீடு அடிச்சுட்டேன் சார். பழசைப் புதுசாக்கு, புதுசாக்குன்னுதான் உசிரை வாங்குவாங்கோ. புதுசா அடிச்சுப் பழசாக்குன்னு சொன்னது இந்தம்மாதான்."

எனக்குப் புரிய ஒரு காபி தேவைப்பட்டது. பாதி காபியில் டம்ளரைக் கீழே வைத்தேன். அடேயப்பா! அண்ணன் சுவரைத் தொடவில்லை. ஒரு ரூபாய் அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை. ஆனால் கோடு போய்விடும்.

வேலை ஆரம்பித்தது. முதலில் தண்ணீர் பீய்ச்சிப் பச்சைச் சுவரைக் கழுவினார்கள். தண்ணீர் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கமும் தெறித்தது. தெறித்தது என்ன, நன்றாகவே பாய்ந்தது. சன்ஷேடுக்குக் கீழே இருந்த மழைக் கறையெல்லாம் அதோடு போயிற்று. "யம்மா, அவுங்க செவுத்துல படுது" என்று சேகர் பயந்தார். "தண்ணிக்குக் கோடு தெரியுமா மேஸ்திரி? நீங்க அடிங்க" என்றார் ரேவதி.

வெளுத்துப்போன கலரை எந்த மெஷினும் கலந்து தராது. சேகர் பக்கெட்டில் வெள்ளையைக் கொட்டி, மஞ்சள் கொஞ்சம், கறுப்பு ஒரு துளி என்று கையாலேயே கலக்கினார். ஈரத்தில் சரியாக இருக்கும். காய்ந்தால் வேறு முகம் காட்டும். ரேவதி கழுத்தில் டேப்போடு எங்கள் கேட்டருகே வந்து நின்று பார்ப்பார். "இல்ல மேஸ்திரி, இன்னும் கொஞ்சம் சோகையா வேணும்" என்று சொல்லிவிட்டுத் தையலுக்குப் போவார். பட்டுக்கு மேட்சிங் பார்ப்பதில் பாதி அக்கறை போதாதா என்று நினைத்துக்கொண்டேன். போதாது என்று நினைத்தார் அவர்.

செலவு? ஊதாவை விடக் கூடுதல்! அடியில் இருந்த கிளிப்பச்சை அவ்வளவு லேசில் அடங்குகிற ஜாதி இல்லை. அடித்த ஒவ்வொரு கோட்டு பெயின்டுக்கும் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. இன்னொரு கோட்டு, அதற்கு மேல் இன்னொன்று. மூன்று தீபாவளிச் சீட்டுக் காசு அந்தச் சுவரில் போயிருக்கும்.

"உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையாம்மா?" என்று கேட்டேன்.

"அவுரு ஊதாதான் கேட்டாரு சார். கடையில ஊதா தீந்துபோச்சுன்னுட்டேன்."

சாரத்தைப் பிரித்த அன்று சாயங்காலம் முனிரத்தினம் கழனியிலிருந்து பைக்கில் வந்தார். தெரு நடுவிலேயே வண்டியை நிறுத்தினார். வெகுநேரம் வீட்டைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய், கோடு இருந்த இடத்தைக் கையால் தடவினார். அப்படியே உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தையாவது சொல்லக்கூடாதா மனுஷன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். பின்பக்கத்துப் பொது இடத்தில் பந்தல். நாங்களும் அழைப்பின் பேரில் போய் நின்றோம். தம்பி வீட்டுக்கு அழைப்பு இல்லை. ஆனாலும் இரண்டு வாசலிலும் கோலம். பாஸ்கர் புது வேட்டி கட்டிக்கொண்டு தன் வாசலுக்கு உள்ளேயே நின்றார்… வெளியே வரவும் இல்லை, போய் உட்காரவும் இல்லை.

வேன் வந்தது. தட்டுகளோடு இறங்கிய மாப்பிள்ளையின் அப்பா வீட்டைப் பார்த்தார். இரண்டு வாசலையும் பார்த்துத் தயங்கினார். "எந்த வாசல்ல வரணுங்க?"

முனிரத்தினம் தம்பி வாசலை ஒரு பார்வை பார்த்தார்.

"ரெண்டும் நம்ம வாசல்தாங்க. எதுல வேணும்னாலும் வாங்க" என்றார். பிறகு பச்சையாக இருந்த பக்கம் திரும்பி ஒரு அதட்டல். "டேய் பாஸ்கரு! இன்னாடா உள்ளாறவே நின்னுகினு கீற? சம்பந்தி வந்துட்டாங்க, தட்டை வாங்கு!"

பாஸ்கர் ஓடிவந்த வேகத்தில் ஒரு தேங்காய் உருண்டது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மட்டும் என்ன, கல்லா?

மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் ரேவதியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீடு நல்லா பெருசாத்தான் கீது. விசேஷத்துக்கு ஒரு பெயின்ட் அடிச்சிருக்கலாமே?" என்றார்.

"ஆமாங்க" என்றார் ரேவதி. "கல்யாணத்துக்குள்ள மொத்தமா அடிச்சிடுவோம்."