ஆடி மழையில் வெட்டிய ரோமம்

சீமைக்குத் திரும்பிப் போகும்போது எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசானி, ரோமத்துக்காக வளர்த்த ஆட்டை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் அவர் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர். அதற்குத் தழை போட்டது, பால் கறந்தது, வருடத்துக்கு இரண்டு முறை ரோமம் வெட்டியது எல்லாம் அவர்தான்.

முழங்கால் உயரம்தான் இருக்கும். உடம்பெல்லாம் வெள்ளைச் சுருள். எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரி, "இது ஆடா, இல்ல தொரசானியோட தலகாணியா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

வரும்போதே சினை. போட்ட குட்டி மூன்றாம் நாள் செத்துவிட்டது. அதே மாதம் எனக்கு மகள் பிறந்தாள். பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் எனக்குப் பால் வற்றியது. குட்டியை இழந்த ஆட்டின் பாலில்தான் என் பிள்ளை வளர்ந்தாள். அவள் அழுதால் அது வாசலில் நின்று கத்தும்.

எங்கள் மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஆடி மழை என்றால் வாரக்கணக்கில் விடாது. அந்த வருடம் எங்கள் கூரைத் தகரம் ஒழுகியது. கம்பளி நனைந்து காயவே இல்லை. எட்டு மாதப் பிள்ளை இருமி இருமி நீலம் பாரித்தாள். நான் ஆட்டைப் பார்த்தேன்.

"ஏங்க, அதோட முடிய வெட்டித் துணிக்குள்ள வச்சுத் தச்சு புள்ளைக்குப் போத்தலாம்."

"இப்ப வெட்டக் கூடாது புள்ள. மழை விட்டு வெயில் வந்தாத்தான் தொரசானி வெட்டச் சொல்லுவாங்க."

"ஒங்களுக்குப் புள்ளையவிட ஆடு பெருசாப் போச்சா?"

அவர் கத்தரிக்கோலை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனார்.

நானே வெட்டினேன். அது அசையாமல் நின்று கொடுத்தது. ரோமம் போனபின் பார்த்தால் ஒரு கைப்பிடி உடம்பு, தோலெல்லாம் ரோஜா நிறம். சாக்கைச் சுற்றிக் கட்டினேன். சாக்கும் ஈரம்தான்.

தைத்த ரோமப் போர்வைக்குள் மகள் கதகதப்பாகத் தூங்கினாள். நான்காம் நாள் ஆடு இரை எடுக்கவில்லை. அடுப்பு ஓரம் படுக்க வைத்தோம். தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ஆட்டுக்கென்று கூப்பிட்டும் குடை பிடித்துக்கொண்டு வந்தார். விலாவில் காதை வைத்துக் கேட்டார்.

"சளி நெஞ்சிலை இறங்கிட்டுது பிள்ளை. இனி என்னாலை ஒண்டும் செய்யேலாது."

மறுநாள் காலை மகள் பசித்து அழுதாள். ஆடு எழுந்திருக்கப் பார்த்தது, முன்னங்கால் மடிந்துவிட்டது. படுத்தபடியே இருந்த அதன் மடியிலிருந்து அரை தம்ளர் கறந்தேன். பிள்ளை குடித்து முடிக்கும்போது ஆட்டின் மூச்சு நின்றிருந்தது.

கறிக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, என் வீட்டுக்காரர் மரக்கறித் தோட்டத்தில் தனியாகக் குழி வெட்டினார். மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இறைத்து இறைத்து வெட்டினார்.

மகள் பிழைத்துக்கொண்டாள். இருமலும் அந்த மாதத்தோடு நின்றது.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பல நாள் கழித்து நானே ஆரம்பித்தேன்: "நான் கேட்டிருக்கணுங்க, நீங்க சொன்னத."

"புள்ளைக்குத்தானே செஞ்ச," என்றார். எழுந்து வேலைக்குப் போனார். நான் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினேன், வழியெல்லாம் அழுதேன்.