கூரையைத் தொடாத சுவர்

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. ரயில் நிலையத்துக்குக் கிழக்கே ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வரிசையாக வாசல்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரையைத் தொடாது. கட்டியவர் செங்கல்லை மிச்சம் பிடித்துவிட்டார். நான் மிளகாய் தாளித்தால் பக்கத்து வீட்டில் தும்முவார்கள்.

என் வீட்டுக்காரருக்கு இரும்புக் கம்பி உருட்டும் ஒரு கம்பெனியில் வேலை. எங்கள் சபை ரொம்பச் சின்னது. ஊர்க்கோடியில் ஓர் ஓலைக் கொட்டகைதான் ஆலயம். சபையிலுள்ள ஆண்களில் பாதிப்பேருக்கு மேல் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு பொன்னேரியிலிருந்து போதகர் வந்து திருவிருந்து கொடுப்பார். புதன்கிழமை சாயங்காலம் கொட்டகையில் ஜெபக்கூட்டம், முடிந்ததும் சுண்டலும் டீயும்.

ஜெபக்கூட்டத்தில் என் வீட்டுக்காரர்தான் ராஜா. பேச்சில் கஞ்சன், ஜெபத்தில் தாராளம். அவர் முழங்கால் போட்டால் குரல் கணீரென்று எழும். யாரையும் விடாமல் பேர் சொல்லிச் சொல்லி வேண்டிக்கொள்வார். "இவரு ஜெபம் பண்ணா ஆரம்பாக்கத்துல இருக்கிறவனும் ஆமென் சொல்லணும்பா" என்று கேலி செய்வார்கள். உள்ளுக்குள் அவருக்கு அது பெருமைதான். எனக்கும்தான்.

அந்த வாரம் ஒருவருக்குப் பழுக்கக் காய்ந்த கம்பி பட்டு உள்ளங்கை வெந்துபோயிருந்தது. அதனால் புதன்கிழமை ஜெபம் முடிந்ததும் ஆண்கள் எழுந்து போகவில்லை. தோல் கையுறையும் செருப்பும் கேட்டு சனிக்கிழமை மேனேஜரைப் பார்ப்பது, மறுத்தால் சங்கம் வைப்பது என்று பேசி முடித்தார்கள். சங்கம் என்ற சொல்லே அன்றைக்குக் கம்பெனிக்காரர்கள் காதில் காய்ச்சின கம்பி. என் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் முன்னால் நிற்பதாக ஒத்துக்கொண்டார்கள். "இங்க பேசுனது இந்த ஓலைய தாண்டி வெளிய போவக்கூடாது" என்று பேச்சு. டம்ளர் பொறுக்கிக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனி கேட்டிலேயே நிறுத்தி, இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முன்னால் நிற்பதாகச் சொன்ன மூன்று பேரையும் நிறுத்தினார்கள், கூட நான்காவதாக ஒரு தம்பியையும். அவன் வியாழன் வரைக்கும் காய்ச்சலில் படுத்துக்கிடந்தவன். புதன்கிழமை கூட்டத்துக்கே வரவில்லை. சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை அவனுக்குத் தெரியாது. "நான் இன்னா பண்ணேன், நான் இன்னா பண்ணேன்" என்று கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டானாம்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொட்டகைக்குள் இருந்த ஒருவர்தான் சொல்லியிருக்க முடியும். அன்று சாயங்காலத்துக்குள்ளேயே அது யார் என்று ஊரே முடிவு செய்துவிட்டது.

மேனேஜரின் கார் டிரைவரும் எங்கள் சபைதான். அமைதியான மனிதர். புதன்கிழமை அவர் தாமதமாக வந்தார், வாசலோரமாகவே உட்கார்ந்தார், சுண்டலை இலையிலேயே வைத்துவிட்டு முதல் ஆளாகக் கிளம்பினார். வேறு சாட்சி எதற்கு?

"வியாழக்கெழம காலையில மேனேஜருக்கு டோரு தொறந்துகினு சிரிக்கிறான்பா. நானே பாத்தேன்."

"நெருப்பில்லாம பொகையுமா?"

"அப்ப காய்ச்சல்காரன இன்னாத்துக்கு மாட்டிவுட்டான்? அவன்தான் வரவேயில்லியே?"

"போன கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டசொல்ல ஏணிக்காக ரெண்டு பேரும் வாய்ச்சண்ட போட்டாங்களே, மறந்துட்டியா? அத்த மனசுல வெச்சிக்கினுதான்!"

தீர்ந்தது. மஞ்சள் காமாலைக்காரன் கண்ணுக்குப் பார்த்ததெல்லாம் மஞ்சள் என்பார்கள். அந்த மாதம் எங்கள் சபைக்கே காமாலை வந்திருந்தது.

டிரைவர் ஒரே ஒருமுறைதான், "நான் சொல்லல" என்றார். பிறகு வாயைத் திறக்கவில்லை. அதுவும் தப்பாகப் போயிற்று. 'பொய்யாயிருந்தா சும்மா இருப்பானா' என்றார்கள். வேதம் தெரிந்தவர்களின் கேலி சாதாரணக் கேலியைவிட ஆழமாகக் குத்தும். டீக்கடையில் அவரைப் பார்த்து ஒருவர், "இன்னா நைனா, முப்பது வெள்ளிக்காசு வந்திருக்குமே, குயவன் நெலம் ஒண்ணு வெலைக்கி வருதாம், வாங்கிப் போடேன்" என்றார். இயேசுவைக் காட்டிக்கொடுத்தவனுக்குக் கிடைத்த கூலி முப்பது வெள்ளிக்காசு, அந்தக் காசில் வாங்கியதுதான் குயவன் நிலம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். டிரைவர் டீயைக் குடிக்காமலே காசை வைத்துவிட்டுப் போனார்.

அந்த மாதத் திருவிருந்து ஞாயிறை என்னால் மறக்க முடியாது. எங்கள் சபையில் திராட்சரசத்துக்கு ஒரே பாத்திரம்தான். முன்னால் விரித்த பாயில் வரிசையாக முழங்கால் போடுவோம், போதகர் அதே பாத்திரத்தை ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் வாய்க்குக் கொண்டுபோவார். ஒரே பாத்திரத்தில் குடிப்பவர்கள் ஒரே குடும்பம் என்று அர்த்தம். அன்று டிரைவரும் அவர் மனைவியும் முதலில் போய் முழங்கால் போட்டார்கள். அடுத்து என் வீட்டுக்காரர் போக வேண்டும். எழுந்தார், இரண்டு எட்டு வைத்தார், திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஒருவரும் போகவில்லை. போதகர் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு, காலியாகக் கிடந்த பாயைப் பார்த்து நின்றார்.

மறுநாள் குழாயடியில் டிரைவர் மனைவி என்னைப் பார்த்து, "நீயுமா?" என்று கேட்டாள். எனக்குப் பிரசவம் ஆனபோது வெந்நீர் வைத்து ஊற்றியவள். குடம் நிறைவதற்கு முன்பே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேலை போன என் வீட்டுக்காரருக்கு ஜெபம்தான் வேலை. விடியற்காலையும் சாயங்காலமும் குரல் இன்னும் உயர்ந்தது. "காட்டிக்கொடுத்தவனை வெளிச்சத்துக்குக் கொண்டு வாரும் ஆண்டவரே! அவன் யாரென்று எங்களுக்குக் காட்டும்!" நானும் பக்கத்தில் இருந்து ஆமென் சொன்னேன்.

அடுத்த திருவிருந்து வருவதற்குள் டிரைவர் வேலையை விட்டுவிட்டார். மனைவியின் தாய்வீடு ஆர்.கே.பேட்டைப் பக்கம். திங்கட்கிழமை அங்கே போய்விடப் போவதாகச் செய்தி. "குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது, ஓடறான்" என்றது ஊர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சபையையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு ஒரு குடும்பம் கிளம்புகிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை, இரவல் வாங்கிய மாவுச் சல்லடையைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்காரர் என் கணவர் வேலை பார்த்த கம்பெனியிலேயே டைம் கீப்பர், சூலூர்பேட்டைப் பக்கத்துத் தெலுங்குக்காரர். அவர் காதில் விழும்படி ஒருவரும் கம்பெனிப் பேச்சே பேசமாட்டார்கள். அவர் மனைவி மட்டும் கள்ளங்கபடு தெரியாதவள். கீரை ஆய்ந்துகொண்டே பேசினாள்.

"ஒங்க ஊட்டுக்காரு ஜெபம் பண்ண ஆரமிச்சா எங்களுக்கு கடியாரமே வாணாம் அக்கா. எங்காளு அத்த கேட்டுக்கினுதான் ஷேவிங் பண்ணுவாரு. நாங்கல்லாம் சாமிகிட்ட போனா எனக்கு டப்பு குடு, எனக்கு புள்ள குடுன்னுதான் கேப்போம். அவரு ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் பேர் சொல்லி கேக்கறாரு பாரு, அது பெரிய மனசு!"

நான் சிரித்தேன்.

"அன்னிக்கி ஒரு நாளு, வேல போச்சே, அதுக்கு மொத நாளு காலையில, நாலு பேரு பேரச் சொல்லி வேண்டுனாரே. எங்காளு பாதி மூஞ்சி சோப்போட அப்டியே நின்னு கேட்டாரு. நான்கூட இன்னாய்யா பிரேயர்ல சேந்துட்டியான்னு கிண்டல் பண்ணேன்."

கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்தேன்.

நாலு பேர். கூட்டத்தில் முன்னால் நிற்பதாகச் சொன்னது மூன்று பேர்தானே? எனக்கு அந்த வியாழக்கிழமை விடியற்காலை அப்படியே காதில் வந்தது. "சங்கம் வைக்கத் துணிந்த உம் பிள்ளைகளுக்குத் தைரியம் தாரும்" என்று தன் பேரையும் மற்ற இருவர் பேரையும் சொன்னவர், அதே மூச்சில் காய்ச்சல்காரத் தம்பியின் பேரையும் சொல்லி அவனுக்குச் சுகம் கேட்டார். அந்தத் தம்பி கூட்டத்தில் இல்லை, ஜெபத்தில் மட்டும்தான் இருந்தான். கேட்டில் நின்ற நாலு பேரும் ஜெபத்திலிருந்துதான் போயிருந்தார்கள்.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்பார்கள். பக்கம் பார்த்தோம், மேலே பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னால் நம்பமாட்டார் என்று தெரியும். அதனால் அங்கேயே உட்கார்ந்து அவளோடு கீரை ஆய்ந்தேன். சாயங்கால ஜெப நேரம் வந்தது. சுவருக்கு மேலிருந்து என் புருஷன் குரல் வந்தது, ரேடியோ வைத்தது மாதிரி. மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. எழுந்து வீட்டுக்குப் போனேன். அவர் முழங்காலிலேயே இருந்தார்.

"இன்னாங்க, இப்ப நீங்க வேண்டுனத சொல்லட்டா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"எங்க போயிருந்த?"

"பக்கத்து ஊட்ல. 'எனக்குள்ள பயமா இருக்கு ஆண்டவரே, பிள்ளைங்களுக்கு இன்னா வழின்னு தெரியல'ன்னீங்க. அப்பறம், காட்டிக்கொடுத்தவன் யாருன்னு காட்டும்னு கேட்டீங்க."

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு அதன் மேலிருந்த இடைவெளியைப் பார்த்தார். நான் நாலு பேர் கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் கேட்காமலிருக்க அவர் காதோடு வாய் வைத்துச் சொன்னேன். கோபப்பட்டார். "ஜெபத்துமேலயே பழி போடறியா?" என்று அதட்ட வந்தவர், பாதியிலேயே குரலை விழுங்கிவிட்டார். அந்த நேரம் முதல்தான் அவருக்குத் தன் குரலின்மேல் சந்தேகம் வந்தது. சோறு போட்டு வைத்தேன். தொடவில்லை.

மறுநாள் திருவிருந்து ஞாயிறு. விடியற்காலை எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள்தான் குரல் கொடுத்தாள்: "அக்கா, இன்னா இன்னிக்கி சத்தத்தயே காணோம்? ஒடம்பு கிடம்பு செரியில்லியா?"

காணிக்கையோடு வரும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று இயேசு சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அன்றைக்குத்தான் நடந்து போனோம். டிரைவர் வீட்டு வாசலில் மூட்டைகள் கட்டி வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். டிரைவர் கயிற்று முடிச்சை இறுக்கிக்கொண்டே, "தெரியும்பா" என்றார்.

"எப்பிடிபா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"டைம் கீப்பரு என் வண்டியிலதான் ஒக்காந்துகினு மேனேஜருகிட்ட சொன்னாரு. 'பக்கத்து ஊட்டுக்காரன் சாமிகிட்ட சொன்னான், நான் கேட்டேன்'னு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. வேலக்காரன் நான் இன்னா பண்றது, நானும் பல்ல காட்டினேன்."

"ஏன்பா சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா? தப்பிக்கறதுக்கு ஜெபத்த காட்டிக்கொடுக்கிறான்னு அதுக்கும் ரெண்டு அடி சேத்துப் போட்டிருப்ப."

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "இவுரு தடுத்தாரு. இல்லன்னா நான் குழாயடியில நின்னு கத்தியிருப்பேன். இப்ப ரெண்டு பேரும் கெளம்புங்க, எனக்கு மூட்ட கட்டணும்" என்றாள். என்னை அவள் பார்க்கவேயில்லை. நான் கையைப் பிடிக்கப் போனேன், இழுத்துக்கொண்டாள். நியாயம்தானே.

ஆலயத்தில் திருவிருந்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். ஆரம்பாக்கம் வரைக்கும் கேட்கும் குரல் அன்றைக்கு முன்வரிசையைக்கூட எட்டவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமா சொல்லுபா, கேக்கல!" என்றார் பின்னாலிருந்து ஒருவர், டீக்கடையில் குயவன் நிலம் விற்றவர்.

"டிரைவர் இல்ல," என்றார் என் வீட்டுக்காரர். "நான்தான்." பிறகு முழுவதையும் சொன்னார். வேலை போன மற்றவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

டிரைவர் தனியாகத்தான் வந்திருந்தார். அவர் முழங்கால் போட்டதும் என் வீட்டுக்காரர் அவரை ஒட்டிப் போய் முழங்கால் போட்டார். டிரைவர் குடித்த பாத்திரத்தில் அடுத்து அவர் குடித்தார். காய்ச்சல்காரத் தம்பி மூன்றாவதாகப் போனான். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். எல்லாரும் அல்ல.

மூட்டைகள் அவிழவில்லை, திங்கட்கிழமை கிளம்பிவிட்டார்கள். கம்பெனியில் காய்ச்சல்காரத் தம்பியை மட்டும் விசாரித்து மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரருக்கு எண்ணூரில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. கதவைப் பூட்டிக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபி என்று ஆண்டவர் ஏன் சொன்னார் என்று அதன் பிறகு அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாயில் அவர் பக்கத்தில் இருக்கும் எனக்கே கடைசியில் வரும் ஆமென் மட்டும்தான் கேட்கும்.

உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொன்ன அந்த ராத்திரி, பந்தியிலிருந்த சீஷர்கள் ஒவ்வொருவராகத் துக்கத்தோடு "நானோ?" என்றுதான் கேட்டார்கள். "அவனோ?" என்று பக்கத்திலிருப்பவனைக் காட்டி ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கும் வீட்டில் ஒரு டம்ளர் உடைந்து யார் மேலாவது என் விரல் நீளப் பார்த்தால், காலியாகக் கிடந்த அந்தத் திருவிருந்துப் பாய் கண்முன் வந்து, முதலில் என்னையே அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிறது.