வாளி வரிசை

இதை நம்பச் சொல்லி யாரையும் கேட்கப் போவதில்லை. நம்பாதவர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசிப் பார்த்தாகிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அன்று விடுதியின் அந்த மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். வாய் திறக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

என் தங்கையோடு நான் கடைசியாகப் போட்ட சண்டை ஒரு துண்டுக்காக.

“அக்கா, உன் துண்டை எடுத்துக்கிறேன். என்னுது இன்னும் காயல.”

“தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்.”

“ஒடி. அப்புறம் என் அசைன்மென்ட்டை நீதான் உக்காந்து எழுதணும்.”

துண்டு அவள் தோளுக்குப் போய்விட்டது. செருப்பைச் சரட் சரட்டென்று இழுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். விடுதியிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவள் முதல் வருடம், நான் மூன்றாம் வருடம். சின்ன ஊர். பல்கலைக்கழகத்தை எடுத்துவிட்டால் ஒரு பேருந்து நிலையமும் சில ஜெராக்ஸ் கடைகளும்தான் மிஞ்சும். இரண்டு பெண்களும் ஒரே அறையில் இருக்கட்டும் என்று அப்பாதான் நடையாய் நடந்து அனுமதி வாங்கினார்.

எங்கள் மாடிக்கு ஒரே குளியலறை. அதிலிருந்த கீசர் மழைக்காலத்திலேயே செத்துவிட்டது. புகார் எழுதினோம். “மேலிடத்துக்கு அனுப்பியிருக்கேன்” என்றார் வார்டன். மறுபடி எழுதினோம். மறுபடியும் மேலிடம். கடைசியில் மாடிக்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து தண்ணீர் சூடாக்கும் ராடு ஒன்றை வாங்கினோம். விதிப்படி விடுதிக்குள் அது கூடாது. குளிர் கடுமையான நாட்களில் கீழ்த்தளத்திலிருந்து வார்டனின் நீல வாளியும் மேலே ஏறி வந்து எங்கள் வரிசையில் நிற்கும். அன்றைக்கு மட்டும் விதிக்கு விடுமுறை.

வரிசை என்றால் ஆட்களின் வரிசை இல்லை, வாளிகளின் வரிசை. இரவே வைத்துவிடுவோம். விடியுமுன் முதல் வாளியில் தண்ணீர் சுட்டதும் அதற்கு உரியவள் ராடை அணைத்து எடுத்து அடுத்த வாளியில் போட வேண்டும். ஸ்விட்சைப் போட்டுவிட்டு, அடுத்தவள் அறைக்கதவை ஒரே ஒரு முறை தட்ட வேண்டும். டொக். ‘உன் வாளியில் போட்டாச்சு’ என்று அர்த்தம். உள்ளே இருப்பவள் எழுந்திருக்கக்கூட வேண்டாம். “ம்” என்றால் போதும். தண்ணீர் சுடும் வரை புரண்டு படுக்கலாம். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. தானாக வந்த பழக்கம். அந்த விடுதியில் ஒழுங்காக ஓடிய ஒரே காரியம் அதுதான்.

எப்போதும் முதல் வாளி ஒருத்தியுடையது. கோழிக்கு முன்னால் எழுந்துவிடுவாள். அலாரம் என்று கூப்பிடுவோம். அன்று அவளுக்கு அடுத்து வாலு. நான் வழக்கம்போலக் கடைசி.

டொக் என்றது. “ம்” என்றாள் வாலு. கொஞ்சம் புரண்டாள். துண்டுக்குச் சண்டை போட்டாள். போனாள்.

ஸ்விட்சில் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு அன்று எரியவில்லை. அணைந்திருக்கிறது என்று நினைத்திருக்கிறாள். சூடு பார்க்கத் தண்ணீரில் கையை வைத்தாள்.

அதற்கு மேல் அதை நான் எழுதப் போவதில்லை.

* * *

அன்று பொழுது நன்றாக விடிவதற்குள் மாடியில் எல்லோருக்கும் மறதி வந்துவிட்டது. ராடா? வரிசையா? யார் தட்டினார்கள்? பொது ராடு என்று ஒப்புக்கொண்டால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு கிளம்பியிருந்தது. யார் கிளப்பினார்கள் என்று தெரியாது. எனக்குத் தெரியாமலும் இல்லை.

ராடையும் வாலுவின் வாளியையும் போலீஸ் எடுத்துப் போனது. மற்ற வாளிகளைத் துப்புரவு செய்பவர் ஒரு மூலையில் குவித்தார். வார்டன் குளியலறைக்குப் பெரிய பூட்டாகப் போட்டார். சாவி அவர் இடுப்பில். மாடிப் பெண்கள் கீழ்த்தளத்துக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள்.

சில வாரம் கழித்து விசாரணைக் குழு கூப்பிட்டது. அம்மா அப்போது பேச்சையே நிறுத்தியிருந்தாள். அவளைத் தனியாக விட்டுவிட்டு அப்பாவால் வர முடியவில்லை. பேருந்து கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“அவ மேல தப்பில்லைன்னு ஒரு ஆள் சொல்லட்டும்மா. நீ இல்ல, நீ அக்கா. வெளியாள் ஒருத்தர். எனக்கு அது போதும்.”

முதல் நாள் சாயங்காலமே விடுதிக்குப் போனேன். என்னைக் கண்டதும் பேச்சுகள் நின்றன. மாடிப்படியில் அலாரத்தைப் பிடித்தேன்.

“அன்னைக்கு நீதானே தட்டின?”

“நான் அன்னைக்குத் தூங்கிட்டேன்க்கா.”

“நீயா? தூங்கினியா?”

அவள் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எங்கள் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டேன். வாலுவின் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். வெறும் பலகை. அதைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எப்போது தூங்கினேனோ.

விழிப்பு வந்தபோது நாலு நாற்பது. கைபேசியில் பார்த்தேன். அறையில் சோப்பு வாசனை. சூடான தண்ணீரில் சோப்பு கரையும்போது வருமே, அந்த வாசனை. கீழே யாரோ குளிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கீழேயிருந்து இங்கே வராது என்று அப்புறம்தான் தோன்றியது.

டொக்.

தாழ்வாரத்தின் கோடியில் ஒரு கதவு. உள்ளேயிருந்து தூக்கக் குரல் கேட்டது. “ம்ம்...”

மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். பழகிப்போன சத்தம். எத்தனை விடியலில் கேட்டது.

டொக்.

இப்போது மாடிப்படிக்குப் பக்கத்தில். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடுவில் தாழ்வாரம் முழு நீளம். நடுவே காலடி இல்லை. ஓட்டம் இல்லை.

“ம்ம்...”

டொக். எதிர்ச் சாரி. “ம்...”

எனக்கு நன்றாக விழிப்பு வந்துவிட்டது. அடுத்தடுத்து இவ்வளவு சீக்கிரம் எந்த வாளியும் சுடாது.

ராடு போலீசிடம் இருக்கிறது.

குளியலறை பூட்டியிருக்கிறது.

பிறகு எதற்குத் தட்டுகிறார்கள்...?

டொக். பக்கத்து அறை. சுவர் வழியாகக் கேட்டது. கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். அவளை நாங்கள் கண்ணாடி என்றே கூப்பிடுவோம். அவளும் “ம்” என்றாள். உடனே, “ஐயோ” என்று மூச்சுக்குள் சொன்னாள். அவளுக்கும் உறைத்துவிட்டது.

அப்புறம் கீழ்த்தளத்தில் எங்கோ ஒரு டொக்.

அமைதி.

என் போர்வை முனையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன்.

கதவுக்கு வெளியே...

சரட்.

சரட்.

நின்றது.

டொக்.

என் கதவு.

“ம்” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் என்று தெரியவில்லை. எழுந்து கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. தாழ்வாரத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். குளியலறைக் கதவின் அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ தரையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

ஆவி. வெந்நீர் ஆவி.

பூட்டு அப்படியே தொங்கியது.

படியில் தடதடவென்று சத்தம். வார்டன், அவிழ்ந்த தலையோடு.

“எவடி என் கதவைத் தட்டினது? திமிரா உங்களுக்கு?”

கண்ணாடி மட்டும் கையை நீட்டிக் குளியலறைக் கதவைக் காட்டினாள். வார்டன் கதவடியைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார்.

உள்ளே வாளிகள் வரிசையாக நின்றன. மூலையில் குவித்துக் கிடந்தவை. அவரவர் வாளிக்கு அவரவர் நகப்பூச்சில் அடையாளம் போட்டிருப்போம், மாறியிருக்க வழியில்லை. ஒவ்வொன்றிலும் கழுத்து வரை தண்ணீர். ஒவ்வொன்றிலிருந்தும் ஆவி. கடைசிக்கு முந்தியது வார்டனின் நீல வாளி. கடைசியில் என்னுடையது.

வரிசைக்கு முன்னால் ஓரிடம் காலி. காய்ந்த தரையில் அங்கே மட்டும் ஈரமாக ஒரு வட்டம். இப்போதுதான் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போனதைப் போல.

வார்டன் தன் வாளித் தண்ணீரில் விரலை வைத்தார். சுரீரென்று இழுத்துக்கொண்டார்.

கண்ணாடிதான் முதலில் வாய் திறந்தாள். அழுதுகொண்டே சொன்னாள். “அன்னைக்கு நின்ன வரிசைடி இது. அவளுக்கு அப்புறம் நான் நாலாவது. இப்பவும் நாலாவதா நிக்குது பாரு. தட்டினதும் அதே வரிசையிலதான்.”

அப்போதுதான் அலாரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வாளி மட்டும் மூலையிலேயே கவிழ்ந்து கிடந்தது.

“என் கதவைத் தட்டல. எல்லார் கதவும் கேட்டுச்சு. என்னுது மட்டும் தட்டல. எனக்கு அப்புறம்தானே அவ... நான்தான் ராடைப் போட்டேன். எப்பவும் மாதிரிதான் போட்டேன். தட்டிட்டுத்தான் போனேன். அக்கா, எப்பவும் மாதிரிதான்க்கா...”

என் ஆத்திரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “பத்து மணிக்குக் குழு முன்னால இதைச் சொல்லு. இதை மட்டும் சொல்லு” என்றேன். தலையாட்டினாள். எல்லோருக்கும் கேட்டது. வார்டனுக்கும் கேட்டது.

வார்டன் ஒவ்வொரு வாளியாகக் கவிழ்த்தார். தன் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டார். கதவைப் பூட்டினார்.

“இங்க யாரும் எதையும் பாக்கல. உங்களுக்கெல்லாம் பரீட்சை இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்.”

* * *

பத்து மணிக்கு நீள மேஜை. நடுவில் ஒரு மூத்த பேராசிரியர். எனக்கும் ஒரு கோப்பைத் தேநீர் வைத்தார்கள். நான் கேட்டதை, பார்த்ததை, வரிசையை, தட்டுவதை எல்லாம் சொன்னேன். பூட்டிய கதவுக்குள் வெந்நீர் நின்றதை மட்டும் சொல்லவில்லை. பைத்தியம் என்று எழுத ஒரு வசதி செய்து கொடுப்பானேன்?

“உங்க துயரம் புரியுது” என்றார் பேராசிரியர். பேனா மூடியைக் கழற்றவே இல்லை.

“ராடு விஷயமே எனக்குத் தெரியாது சார்” என்றார் வார்டன். அவர் ஆள்காட்டி விரலில் புது பிளாஸ்திரி.

கண்ணாடி, தான் அன்று நூலகத்தில் இருந்ததாகச் சொன்னாள். விடியுமுன் எந்த நூலகம் திறந்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அலாரம் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

“சொல்லும்மா. பயப்படாதே.”

வார்டன் பக்கம் திரும்பினாள்.

“நான் தூங்கிட்டிருந்தேன் சார்.”

அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டார்கள். தடை செய்யப்பட்ட மின்சாதனத்தை மாணவி தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தார், மரணத்துக்குக் காரணம் மாணவியின் கவனக்குறைவு. நிர்வாகம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. ஆழ்ந்த என்பதைத் தப்பில்லாமல் எழுதியிருந்தார்கள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பல்கலைக்கழக எலக்ட்ரீஷியன் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றார். வாலு செத்த அன்று அந்தக் குளியலறையில் மின்சாரத்தைத் துண்டித்தவர் அவர்தான். பெட்டியை வாங்கி ஆட்டோவில் வைத்தார்.

“அண்ணா, ஒண்ணு கேக்கணும். அந்தக் குளியலறையில இப்ப கரண்ட் இருக்கா?”

“வயரையே உருவிட்டேனேம்மா.”

“வேற எங்கயாவது தண்ணி சுட வச்சு, உள்ள கொண்டுபோய் ஊத்தியிருப்பாங்களா?”

“பூட்டின கதவுக்குள்ள எப்படி ஊத்துவாங்க?” கொஞ்சம் யோசித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சுடுதண்ணிய விடு. அதுல பச்சைத் தண்ணியே வராது. அன்னைக்கே மேல் டாங்கிலிருந்து வர்ற குழாயை அறுத்து மூடச் சொல்லிட்டாங்க. மூடினவனும் நான்தான். ஏம்மா கேக்கிற?”

ஒன்றும் இல்லை என்றேன்.

பேருந்தில் வரும் வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் யாரையும் பழி வாங்க வரவில்லை. யாரையும் காட்டிக் கொடுக்கவும் வரவில்லை. தன் முறையில் நின்றுபோன வரிசையைக் கடைசி வாளி வரை முடித்துவிட்டுப் போயிருக்கிறாள். பொய் சொன்னவர்கள் எல்லோருக்கும் வெந்நீர் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டியதையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு அறிக்கையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் படித்தார்.

“படிச்சவங்க இத்தனை பேர் உக்காந்து எழுதியிருக்காங்க” என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். வருடங்கள் போய்விட்டன. அம்மா இல்லை. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தாயிற்று. போன வாரமும் வாலுவைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்பா எழுந்துபோய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“நல்ல பொண்ணுதான். கொஞ்சம் பாத்துத் தொட்டிருக்கலாம்” என்றார்.