மூன்றாவது செல்

எங்கள் விசைப்படகில் பெண்கள் ஏறும் வழக்கமில்லை. ஆனால் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் படகின் பேட்டரிகள் இரண்டும் கரையேறி, அப்பாவின் அக்காவிடம்தான் வந்து சேரும். எங்கள் கரையில் மற்றவர்கள் பேட்டரியைப் படகிலேயே கிடக்கவிட்டு, தடை முடியும் வாரத்தில் சார்ஜ் கடை வாசலில் வரிசையில் நிற்பார்கள். சும்மா கிடக்கும் பேட்டரி தன்னைத்தானே தின்றுவிடும் என்பது அத்தையின் கட்சி.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். பதினைந்து நாளைக்கொருமுறை பேட்டரியைப் பலகைமேல் ஏற்றி, முனைகளில் பூத்த வெண்பொடியைச் சோடா மாவு கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, வாஸ்லின் தடவுவார். பிறகு ஆறு செல்களின் மூடிகளையும் திறந்து, ஒவ்வொன்றிலும் கண்ணாடிக் குழாயை விட்டு ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் மிதவை, சார்ஜ் ஏறியதைச் சொல்லும் பச்சையில் நிற்கிறதா, இறங்கியதைச் சொல்லும் சிவப்பில் நிற்கிறதா என்று பார்ப்பார். அந்நேரம் அவர் மூச்சு விடுவதாகவே எனக்குத் தோன்றியதில்லை. எங்கள் படகு நடுக்கடலில் ஸ்டார்ட் ஆகாமல் நின்றதாக ஒருநாளும் நான் கேட்டதில்லை.

எனக்கு ஒன்பது வயதான ஆண்டு, தடை முடிய மூன்று நாள் இருக்கையில், செல்களில் ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோய் அத்தை வாங்கச் சென்றார். மின்வெட்டு நேரம். திறந்திருந்த மூன்றாவது செல்லில் தகடு வறண்டு தெரிந்தது. அவர் வருவதற்குள் நிரப்பி வைத்தால் மெச்சுவார் என்று அடிபம்பில் ஒரு குவளை பிடித்து ஊற்றினேன். மேற்கே நெல்வயல்கள் இறால் குட்டைகளாகி, அதன்பொருட்டு ஊரே இரண்டுபட்டு வழக்காடிய காலம் அது; குட்டைகளின் உப்பு நிலத்தில் ஊறி, பம்பில் வந்தது உப்புநீர். குடிக்கத்தான் ஆகாது, பேட்டரிக்கு என்ன என்பது என் தீர்ப்பு. கரண்ட் வந்ததும் அத்தையைப் போலவே சார்ஜர் சுவிட்சையும் போட்டேன்.

சற்று நேரத்தில் பிளீச்சிங் பவுடர் நெடி தொண்டையை அடைத்தது. வாசலில் நுழைந்த அத்தை ஓடிவந்து சுவிட்சை அணைத்து, என்னை வெளியே இழுத்தார்.

"எந்தத் தண்ணி பாப்பா ஊத்துன?"

"பம்புத் தண்ணி."

அத்தை அந்தச் செல்லின் ஆசிட்டைக் கொட்டிக் கழுவி, புது ஆசிட் விட்டு, இரண்டு நாள் போராடினார். மற்ற ஐந்தும் பச்சைக்கு வந்தன. மூன்றாவது சிவப்பிலேயே நின்றது.

படகு புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை அப்பாவும் சித்தப்பாவும் பேட்டரி தூக்க வந்தார்கள்.

"இத நம்பிக் கடலுக்குப் போவாதீங்க தம்பி. ஒரு செல் போயிடுச்சி," என்றார் அத்தை.

"எப்புடிக்கா? ஒன் கையிலயா?" என்றார் அப்பா.

"ஆமா. நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

சித்தப்பா சிரித்தார். "பொம்பளைங்க ஏறக் கூடாதுன்னு படகுக்கு மட்டும் சொல்லி வச்சிட்டாங்க. பேட்டரிக்கும் சேத்துச் சொல்லியிருக்கணும்."

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு முதுகில் அடி விழாததே போதுமானதாக இருந்தது. அவர்கள் பங்காளி வீட்டில் ஒரு பேட்டரி இரவல் வாங்கிக் கடலுக்குப் போய், நல்லபடியாகத் திரும்பினார்கள்.

அடுத்த தடைக்காலத்தில் பேட்டரிகள் படகிலிருந்து நேரே சார்ஜ் கடைக்குப் போயின. அத்தையின் கைகளை இனி ஆசிட் அரிக்காது என்று எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. அதை அவரிடமே ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஆமா பாப்பா," என்றார்.