பனிச்சுவருக்குள் ஒரு குதிரை

சீனச் சதுரங்கத்தில் குதிரையை நகர்த்த வேண்டிய நேரம் வந்தால் தோங் வென்ஷான் பீர் பாட்டில் மூடியைத்தான் நகர்த்துகிறார். பலகையே அதிரும்படி ஓங்கி அறைந்து வைப்பார். கூடவே, "இது திருட்டுப்பய குடுத்த குதிரை" என்று கிழவர்கள் கூடி ஆடுகிற பொதுக் குளியல் கூடம் முழுக்கக் கேட்கும்படி ஒரு வார்த்தை. போன இலையுதிர் காலத்தில் ஆற்றங்கரையில் ஆட்டம் சூடு பிடித்திருந்தபோது அவருடைய மரக்குதிரை காணாமல் போனது. எதிரே உட்கார்ந்திருந்தவர் லூ சிஹாய், வாலிப காலத்திலிருந்து சிநேகிதர். அவரைத்தான் நாலு பேர் முன்னால், நாக்கில் நரம்பில்லாமல், திருடன் என்று கத்தினார் தோங். லூ எழுந்து போனவர்தான், திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு தோங் யாரோடு ஆடினாலும் ஜெயிக்கிறார். ஜெயித்துவிட்டு எரிச்சலோடு வீட்டுக்குப் போகிறார். "உப்புச்சப்பில்லாத பசங்க. இவனுங்களை ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன?"

வடசீனாவின் குளிர் நகரமான ஹார்பினில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வண்டியை விட்டாலும் வாய் விடவில்லை. நாலு பேர் கூடி நின்றால் போதும், "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று கிளம்பிவிடும். பூங்காவில் பனிச்சிற்ப விழா தொடங்கினால் இந்தக் குரல் அங்கேயும் கேட்கும். அங்கே படியே கிடையாது.

சிற்பங்களை அவர் பார்ப்பதில்லை. உறைந்த ஆற்றிலிருந்து அறுத்து வந்த பனிக்கட்டிக்குள் என்ன உறைந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார். ஒரு வருஷம் டிராகனின் கழுத்தில் வில்லோ மர இலை. இன்னொரு வருஷம் வாயைப் பிளந்தபடி ஒரு பொடி மீன். "சிங்கத்தைப் பாருய்யான்னா சிங்கத்தோட வயித்தைப் பாக்குது இந்த மனுஷன்" என்று அவர் மனைவி கூட வருவதையே விட்டுவிட்டாள்.

பூங்கா வாசலில் சூரியகாந்தி விதை வறுத்து விற்பவர் அதே லூதான். இந்த வருஷம் தோங் அவரைக் கடந்து போகும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி போனார். வழுக்கி விழாதது அவர் செய்த புண்ணியம்.

உள்ளே பனிக்கோட்டைச் சுவரில் மூக்கை வைத்து ஒவ்வொரு கட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு கட்டியின் முன் நின்றுவிட்டார். சாண் ஆழத்தில், மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில், வட்டமாக ஒரு மரத்துண்டு. அதன்மேல் குதிரை என்ற சிவப்பு எழுத்து. ஓரத்தில் அவரே ஒருநாள் சிகரெட்டால் சுட்டுவைத்த கறுப்பு வடு.

தோங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையுறையால் துடைத்தார், வாயால் ஊதினார், மறுபடி பார்த்தார். அதேதான். ஆறு எடுத்து வைத்திருந்ததை ஒரு மனுஷன் தலையில் கட்டிவிட்டோமே!

பின்னால் படம் எடுக்கக் காத்திருந்த பெண், "தாத்தா, கொஞ்சம் நகருங்க" என்றாள். ஆயுசு முழுக்க ஊரையே நகரச் சொன்ன மனுஷன் நகரவில்லை.

பிறகு விறுவிறுவென்று வாசலுக்குப் போய் லூவின் சட்டைக்கையைப் பிடித்தார். "வா."

"யாவாரத்தை யாரு பாப்பா, உங்கப்பனா?"

"வான்னா வாய்யா."

சுவருக்கு முன்னால் கொண்டு வந்து நிறுத்தி, விரலால் காட்டினார். லூ குனிந்து பார்த்தார். தோங் தன் தோல் தொப்பியைக் கழற்றினார். இந்த ஊர்க் குளிரில் வெறுந்தலையோடு நிற்பது விளையாட்டில்லை, காது போய்விடும். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாலு பேர் முன்னால உன்னைத் திருடன்னேன். இப்பவும் நாலு பேர் நிக்கிறாங்க. தப்பு என்னுது லூ. நீ எடுக்கல. அது உருண்டு ஆத்துல விழுந்திருக்கு."

லூ குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உருண்டு விழல" என்றார் கடைசியில்.

"பின்ன?"

"நீ டீ ஊத்தத் திரும்பினியா, நான்தான் தூக்கி வீசினேன். இன்னும் ரெண்டு நகர்த்தல்ல நான் காலி. நீ திருடன்னதும் ரோஷம் வந்துருச்சு. நான் திருடலையே, வீசினேன். அதைப் போய் எப்படிச் சொல்றது?"

சொல்லிவிட்டு அவரும் தாடை நாடாவை அவிழ்த்துத் தொப்பியைக் கழற்றினார். மொட்டைத் தலையில் ஆவி பறந்தது.

தோங் குதிரையைப் பார்த்தார், லூவைப் பார்த்தார், மறுபடி குதிரையைப் பார்த்தார். இத்தனை மாசம் பாட்டில் மூடியைக் கட்டிக்கொண்டு அழுததெல்லாம் கண்முன் வந்திருக்க வேண்டும்.

"அப்ப அந்த ஆட்டம் என்னுது" என்றார்.

"உன்னுதுதான்."

தோங் தன் தொப்பியைப் போட்டுக்கொண்டார். நாடாவைத் தாடைக்குக் கீழே நிதானமாக முடிந்தார். லூ வெறுந்தலையோடு நடுங்கிக்கொண்டு நின்றார். முடிச்சு சரியாக விழுந்ததும், தோங் அவர் கையிலிருந்த தொப்பியைப் பிடுங்கி, பலகையில் குதிரையை வைக்கிற அதே வேகத்தில், அந்த மொட்டைத் தலையில் ஓங்கி வைத்தார்.